பர்மாவுக்குப் போன பாட்டையாவை வரலாற்றில் எங்கே வைப்பது?

வளவில் (வீட்டின் உள்முற்றப் பகுதியில்) மாட்டியிருக்கும் படத்தைக் காட்டி, பர்மாவையே கட்டி ஆண்டவர் என்று பாட்டையாவைப் பற்றிச் சொல்லும் வீடுகள் செட்டிநாட்டில் பல உண்டு. அந்தப் பேச்சை எடைபோடுவதற்கு முன், ஆள் இன்னார்தான் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஐயாவின் பெயரைப் பேரனுக்கு இடுவதால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வரும்; இருவர் செயலை ஒருவர் தலையில் ஏற்றிவிடுவது எளிது. ஊர், கோயில், விலாச எழுத்துகள் (பெயருக்கு முன்வரும் எழுத்துகள்) ஆகியவற்றை இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்த ஏட்டோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் குழப்பம் தீரும்.

அடுத்து, அவர் முதலாளியா, சம்பளத்துக்குப் போய்க் கடையை நடத்திய மேலாளா, அவருக்கு அடுத்த நிலையிலிருந்த அடுத்தாளா, கடைநிலை உதவியாளான பெட்டியடிப் பையனா என்று பாருங்கள். முதலாளிகள் பலர் ஊரிலிருந்தபடியே ஆள் அனுப்பித்தான் தொழில் நடத்தினர். மூன்றாண்டுக் கணக்குக்குப் போய் வந்த மேலாள், பேரப்பிள்ளைகளின் வாயில் முதலாளியாகிவிடுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்; மேலாள் என்பதில் குறைவொன்றும் இல்லை.

பிறகுதான் முக்கியத்துவம் பற்றிய கேள்வி வருகிறது. 1930-ஐ ஒட்டிப் பர்மாவில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் (வட்டிக்குக் கடன் கொடுத்தவை) இருந்ததாக அங்கு நடந்த வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. பாட்டையாவின் கடை அவற்றுள் ஒன்று என்றால், அந்த ஒரு கடை இல்லாதிருந்தாலும் கீழ்ப் பர்மாவின் நெல் விளைச்சலுக்குக் கடன் கிடைத்திருக்கும். அவர் புதிய ஊரில் முதலில் கடை வைத்தவரா, பிறர் பின்பற்றிய வழக்கத்தைத் தொடங்கியவரா என்பதற்குச் சான்று கிடைத்தால் மட்டும் தனிச்சிறப்பு பேசலாம். வீட்டின் பரப்பும் பர்மாத் தேக்குத் தூண்களும் செல்வத்துக்குச் சான்றாகுமே தவிர இதற்கு ஆகா.

ஆனால், ஆள் சாதாரணமானவராக இருந்தும் அவர் விட்டுச் சென்ற பேரேடு (கணக்குப் புத்தகம்) அரிதாக இருக்கலாம். நெல் விலை வீழ்ந்த பின், முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930-இல் 6 சதவீதமாக இருந்து 1937-இல் 25 சதவீதமானது. வயல்கள் எப்படிக் கைமாறின என்பதை அந்த ஆண்டுகளின் பேரேடும் ஐந்தொகையும் (வரவு, செலவு, இருப்பைத் தொகுத்துக் காட்டும் கணக்கும்) வரிவரியாகக் காட்டும். அவற்றில் கடன்பட்டு நிலம் இழந்த பர்மிய உழவர்களின் பெயர்களும் இருக்கும். குடும்பப் பெருமைக்கு உகந்ததில்லை என்று அந்தப் பக்கங்களை விட்டுவிடாமல், கரையான் தொடுமுன் அட்டை முதல் அட்டை வரை படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.