வன்னிப் புற்றுக்காளானை உலர்மாதிரியாகப் பதிவுசெய்யும் முறை

ஐப்பசி மழைக்குப் பின் வட இலங்கையின் வன்னிப் பகுதியில் கறையான் புற்றருகே முளைக்கும் காளானைப் பிடுங்காமல், சுற்றியுள்ள மண்ணைக் கத்தியால் மெல்ல அகழ்ந்து, கறையான் கூடுவரை இறங்கும் வேர்போன்ற அடித்தண்டோடு முழுமையாக எடுக்க வேண்டும். அது அறுந்தால் இனத்தை அடையாளம் காட்டும் நல்ல சான்று ஒன்று போய்விடும். குடையின் நிறமும் மணமும் உலர்ந்ததும் மாறிவிடுவதால், அவற்றை அங்கேயே எழுதிவிடுங்கள். விரிந்த குடை ஒன்றை வெள்ளைத்தாளில் இரவு முழுதும் கவிழ்த்து வைத்தால், இளஞ்சிவப்பு வித்திப்படிவு (குடையிலிருந்து உதிரும் நுண்ணிய வித்திகள் தாளில் பதிக்கும் தடம்) கிடைக்கும். மற்றவற்றை நெடுக்காகப் பிளந்து, ஏறத்தாழ 40 பாகை செல்சியசில் மொறுமொறுப்பாகும்வரை உலர்த்துங்கள்.

மாதிரியோடு இணைக்கும் சிட்டையில் திகதி, சேகரித்தவர் பெயர், சேகரிப்பு இலக்கம், ஆள்கூறு (அகலக்கோடு, நெடுங்கோடு) ஆகிய நான்கும் கட்டாயம் இருக்க வேண்டும். இடத்தை “முல்லைத்தீவு” என்று மட்டும் எழுதிய சிட்டை பிற்கால ஆய்வாளருக்கு அதிகம் உதவாது. “ஒட்டுசுட்டானுக்குக் கிழக்கே, பாலைமரக் காட்டோரம், பழைய புற்றின் அடி” என எழுதினால்தான், அதே இடத்தை இன்னொருவர் தேடிச் சென்று பார்க்க முடியும்.