எம்.ஐ.ரி.க்கு விண்ணப்பித்தல்: மட்டக்களப்பு, அம்பாறை மாணவர் தரம் 12 இலேயே தொடங்க வேண்டிய வேலைகள்

பௌதிக விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் நம் மாவட்ட மாணவருக்குப் பொறியியல் பீடத்துக்குப் போகும் வழி ஒன்றுதான் தெரியும்: உயர்தரப் பரீட்சை, இசட் புள்ளி, மாவட்ட ஒதுக்கீடு. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், அதாவது எம்.ஐ.ரி., கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகமான கல்டெக் ஆகியவை பெறுபேற்றை ஒரு பகுதியாக மட்டுமே கணக்கில் எடுக்கின்றன. மாணவர் எந்தச் சூழலில் படித்தார், கைக்கு எட்டியதை வைத்து என்ன செய்தார் என்பதை ஆசிரியர் கடிதங்களிலும் மாணவரின் சொந்த எழுத்திலும் தேடுகின்றன. ஆகவே, கிழக்கு மாகாணத்தை ஒருபோதும் கண்டிராத ஒருவர் வாசித்து விளங்கும்படி நம் சூழலைத் தாளில் கொண்டுவருவதே இதில் பெரிய வேலை.

முதலில் கால அட்டவணையைப் பார்க்க வேண்டும். எம்.ஐ.ரி.யின் முன்கூட்டிய விண்ணப்பச் சுற்று நவம்பர் தொடக்கத்திலும் வழமையான சுற்று ஜனவரி தொடக்கத்திலும் முடிவடைகின்றன. வழமையான சுற்றின் முடிவு மார்ச் 14 அளவில் வெளிவரும். நமது உயர்தரப் பரீட்சையோ 2024, 2025 ஆம் ஆண்டுகளில் நவம்பரிலேயே தொடங்கியது. 2024 பரீட்சையின் பெறுபேறு அடுத்த ஆண்டு ஏப்ரலில்தான் வெளியானது. பரீட்சை எழுதும் ஆண்டிலேயே விண்ணப்பித்தால் தவணைப் பரீட்சைப் புள்ளிகளையும் ஆசிரியரின் எதிர்வுகூறலையும் மட்டுமே காட்ட முடியும். தமிழ்மொழி மூலம் படிக்கும் பெரும்பாலானவருக்குப் பெறுபேறு கையில் வந்தபின் அடுத்த சுற்றில் விண்ணப்பிப்பதே நல்லது என்பது எனது உறுதியான கருத்து. ஆனால் அதற்கிடையில் உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டால் விண்ணப்ப வகையே மாறிவிடக்கூடும் என்பதால், பதிவு செய்யுமுன் நீங்கள் விண்ணப்பிக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்கப் பல்கலைக்கழக அனுமதிக்கான எஸ்.ஏ.ரி. பரீட்சையை எம்.ஐ.ரி. 2022 இலும் கல்டெக் 2024 இலும் மீண்டும் கட்டாயமாக்கின. இப்போது அது கணினியில் எழுதும் பரீட்சை. வாசிப்பும் எழுத்தும் 64 நிமிடம், கணிதம் 70 நிமிடம், மொத்தப் புள்ளி 1600. இணைந்த கணிதம் படிப்பவருக்குக் கணிதப் பகுதி கடினமில்லை. கலைச்சொற்களின் ஆங்கிலப் பெயர்களைப் பழகிக்கொண்டால் போதும். வாசிப்புப் பகுதிதான் தடை. அதற்கு ஓராண்டுக் காலம் நாள்தோறும் ஆங்கிலக் கட்டுரை வாசிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. கான் அக்கடமி என்ற இணையத்தளத்தில் பயிற்சி இலவசம். ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை ஒன்றும் பெரும்பாலும் தேவைப்படும். கடவுச்சீட்டை முன்னதாகவே எடுத்து வைத்திருங்கள்.

கணித அல்லது விஞ்ஞான ஆசிரியர் ஒருவரிடமும், மொழி அல்லது சமூகக் கல்வி ஆசிரியர் ஒருவரிடமும் எம்.ஐ.ரி. பரிந்துரைக் கடிதம் கேட்கிறது. நம் பாடசாலைகளில் வழக்கமான நற்சான்றுப் பத்திரம், "நன்னடத்தை உடையவர், விளையாட்டிலும் ஈடுபாடு கொண்டவர்" என்று நான்கு வரியில் முடிந்துவிடும். அது இங்கே பயன்படாது. ஒரு பௌதிகவியல் வகுப்பில் மாணவர் எந்தக் கேள்வியைக் கேட்டார், விடை பிழைத்தபோது என்ன செய்தார், ஆய்வுகூடத்தில் உபகரணம் இல்லாதபோது எதைக் கொண்டு பரிசோதனையை முடித்தார் என்று நடந்ததை நடந்தபடியே எழுதும் கடிதமே நிற்கும். குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன் ஆசிரியரை நேரில் சந்தித்து, "சேர், இந்த விடயங்கள் உங்களுக்கு ஞாபகமிருந்தால் எழுதித் தாருங்கள்" என்று ஒரு பக்கக் குறிப்பைக் கொடுத்துக் கேளுங்கள். அவர் தமிழில் எழுதுவதே இயல்பாக வருமென்றால் தமிழில் எழுதட்டும். குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவர் மொழிபெயர்த்து, மூலத்தையும் சேர்த்து அனுப்பலாம். கடிதத்துக்கான இணைப்பு ஆசிரியரின் மின்னஞ்சலுக்கே வரும். அவரிடம் மின்னஞ்சல் இல்லையென்றால் அவரோடு அமர்ந்து அவர் பெயரில் திறந்து கொடுங்கள், கடவுச்சொல் அவரிடமே இருக்கட்டும். மாணவர் அந்தக் கணக்கைத் தொடவே கூடாது.

விண்ணப்பத்தோடு அனுப்பும் பாடசாலை அறிக்கையை அமெரிக்காவில் வழிகாட்டல் ஆசிரியர் எழுதுவார். இங்கே அதிபரோ பகுதித் தலைவரோ எழுதலாம். 75 புள்ளிக்கு மேல் ஏ என்பது, இசட் புள்ளி என்றால் என்ன, உயர்தரத்தில் எத்தனை பேர் இந்தப் பிரிவில் படிக்கின்றனர், வெள்ளத்தால் வகுப்புகள் எத்தனை நாள் நடக்கவில்லை ஆகிய யாவும் அதில் இருக்க வேண்டும். படுவான்கரைப் பாடசாலையொன்றுக்கு ஆசிரியர் நியமனம் தாமதமானால் மாணவர் தானே பாடத்தைப் படித்தார் என்பதை வேறு யார் சொல்வார்கள்?

செயற்பாடுகள் என்ற பகுதியில் எம்.ஐ.ரி. நான்கு இடமே தருகிறது. கல்டெக் பயன்படுத்தும் கொமன் அப் என்ற பொது விண்ணப்பம் பத்து இடம் தருகிறது. ரோபோப் போட்டியில் பங்குபற்றியவர்களுக்கு மட்டுமே உரிய பகுதி இது என்று எண்ணி நம் பிள்ளைகள் வெறுமையாக விட்டுவிடுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. சம்மாந்துறையில் தந்தையின் வயலுக்கு நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டியதும், மருதமுனையில் வீட்டுத் தறியில் நெய்ததும், தம்பி தங்கைகளைப் பராமரித்ததும், அயல் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்ததும் முழுமையான செயற்பாடுகளே. வாரத்தில் எத்தனை மணித்தியாலம், எத்தனை ஆண்டு, அதனால் என்ன மாறியது என்று எண்ணோடு எழுதுங்கள். கட்டுரைகளை ரியூசன் ஆசிரியரிடம் எழுதுவித்துக் கொடுக்க வேண்டாம். பிழை திருத்தக் கொடுக்கலாம்.

எம்.ஐ.ரி.யில் ஓராண்டுச் செலவு 85,000 டொலருக்கும் அதிகம். இந்தத் தொகையைக் கேட்டதுமே பெற்றோர் பின்வாங்குவார்கள். ஆனால் அங்கே வெளிநாட்டு மாணவரின் பண நிலை தெரிவில் பார்க்கப்படுவதில்லை, நிதித் தேவை முழுமையாக ஈடுசெய்யப்படுகிறது. 2025 இலையுதிர் காலம் முதல், வழமையான சொத்துகளோடு ஆண்டு வருமானம் 100,000 டொலருக்குக் குறைந்த குடும்பத்தின் பெற்றோரிடம் எதுவும் எதிர்பார்க்கப்படுவதில்லை. 75 டொலர் விண்ணப்பக் கட்டணத்துக்கும் விலக்குக் கோரலாம். கல்டெக் அவ்வாறன்று: வெளிநாட்டவர் நிதியுதவி கோருவது அங்கே தெரிவின்போது கவனிக்கப்படும், விண்ணப்பிக்கும்போது கோராவிட்டால் பின்னர் கோரவும் முடியாது.

நிதியுதவிக்கான சி.எஸ்.எஸ். படிவத்தில் மாதச் சம்பளம் இல்லாத குடும்பங்கள் தடுமாறும். பெரும்போகம், சிறுபோகம் இரண்டின் வருமானத்தையும், உரம், உழவு, குத்தகை ஆகியவற்றின் செலவையும், அடகு வைத்த நகையையும் தனித்தனியே எழுதி, கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்றிதழைப் பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு பெற்று, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு போகம் வெள்ளத்தில் அழிந்திருந்தால் அதையும் தனிக் கடிதத்தில் எழுதுங்கள். கொழும்பிலுள்ள ஐக்கிய அமெரிக்க இலங்கை புல்பிரைட் ஆணைக்குழுவில் கிடைக்கும் இலவச ஆலோசனையை நாடுங்கள். முகவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டிய தேவை இதில் எங்குமே இல்லை.

அனுமதி கிடைத்தால் மே 1 அளவில் பதிலளிக்க வேண்டும். அதன்பின் பல்கலைக்கழகம், மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 பத்திரத்தை அனுப்பும்; அதைக் கொண்டு வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான 350 டொலர் செவிஸ் கட்டணத்தைச் செலுத்தி, கொழும்புத் தூதரகத்தில் எஃப்-1 எனும் மாணவர் விசாவுக்கான நேர்முகத்துக்குத் திகதி எடுக்கலாம்.