எம்ஆர்2 காரில் கூலன்ட் மாற்றும்போது காற்றை எடுப்பது

1989-இல் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா எம்ஆர்2 வைத்திருப்பவர்கள் முதலில் பழக வேண்டியது இந்த வேலைதான் என்பேன். எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், ரேடியேட்டர் முன்னால். நடுவில், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓட, காருக்கு அடியில் நீளமான குழாய்கள். அதில் காற்று சிக்கினால் எஞ்சின் சூடேறி அதன் தலைப்பகுதியைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டே போய்விடும்.

எஞ்சின் நன்றாக ஆறட்டும். சூட்டில் கூலன்ட் மூடியைத் திறக்கவே கூடாது. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, பழைய கூலன்ட்டை வடித்துவிடுங்கள். முன் பானட்டுக்குள் ரேடியேட்டருக்கு ஒன்று, ஹீட்டருக்கு ஒன்று என இரண்டு காற்று வால்வுகள் இருக்கும். இரண்டிலும் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் மாட்டி, நுனியைப் பானட்டில் உயரமாகக் கட்டிவிட்டு வால்வுகளைத் திறங்கள். அப்புறம் பின்னால் எஞ்சின் பக்கமுள்ள வாயில் புதுக் கூலன்ட்டை மெதுவாக, மிக மெதுவாக ஊற்றுங்கள். டியூபுக்குள் குமிழ்கள் கொத்தாக ஏறும், நிற்கும், மறுபடி வரும். எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் இது. இரண்டு டியூபிலும் மட்டம் ஊற்றும் வாயின் உயரத்துக்கு வந்து அசையாமல் நின்றால் சரி, வால்வுகளை மூடலாம். ரொம்ப இறுக்காதீர்கள், பழைய வால்வு உடைந்துவிடும்.

மூடியைப் போட்டு, ரேடியேட்டர் விசிறி சுழலும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். ஹீட்டரில் சூடு வராவிட்டால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. ஆறவைத்து மறுபடி எடுங்கள்.

வடித்த கூலன்ட்டைத் திறந்த வாளியில் விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய், பூனை குடித்துவிடும், அது விஷம்.