வளவுக்குள் பாம்பு வந்தால்: பார்ப்பது, விலகுவது, கடித்தால் செய்வது

மாரி மழை பிடித்து மட்டக்களப்பு வாவி பெருகினால், அதன் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கத்து வளைகளுக்குள் தண்ணீர் ஏறிவிடும். உள்ளே கிடந்த பாம்பு மேடு தேடும்; விறகுக் குவியலும் கோழிக்கூடும் குசினி மூலையும் அதற்கு மேடுதான். பெரும்போக வெட்டு முடிந்து நெல்மூட்டை வீட்டுக்கு வந்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வளவோடு வீடு வைத்திருப்பவர்கள் மழைக்கு முன்பே இதையெல்லாம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

படி 1: பின்வாங்கி நின்று பாருங்கள்

பாம்பைக் கண்டதும் இரண்டு மூன்று மீட்டர் பின்வாங்கி நின்று அதையே பாருங்கள். ஒருவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் பிள்ளைகளையும் நாயையும் அப்பால் கொண்டுபோகட்டும். கண்ணில் படும் பாம்பை விட, எங்கே போனதென்று தெரியாத பாம்புதான் அன்றிரவு முழுக்க ஆபத்து. தடி எடுக்க வேண்டாம். அடிக்கவும் வாலைப் பிடிக்கவும் கிட்டப் போகிறவருக்குத்தான் கடி விழும்.

படி 2: போக வழி விடுங்கள்

வீட்டுக்குள் என்றால் வெளிவாசலைத் திறந்துவிட்டு, உள்ளறைக் கதவுகளைச் சாத்தி, கீழ் இடைவெளியைப் பழந்துணியால் அடையுங்கள். ஆட்கள் வாசலை மறிக்கக் கூடாது. பெரும்பாலும் பாம்பு சுவரோரமாக ஊர்ந்து வெளியேறிவிடும். அலுமாரிக்குக் கீழே போய்ச் சுருண்டுவிட்டால் குத்திக் கிளப்பாமல் அறையைப் பூட்டிவிட்டு வனஜீவராசிகள் திணைக்களத்துக்கோ பழக்கப்பட்ட பாம்பு பிடிப்பவருக்கோ அறிவியுங்கள். அந்த எண்களை இன்றே போனில் பதிந்து வைத்தால் அவசரத்தில் தேட வேண்டியிருக்காது.

படி 3: தூரத்தில் நின்றே அடையாளம் பாருங்கள்

போனில் கிட்ட இழுத்து ஒரு படம் எடுத்தால் போதும். பக்கவாட்டிலிருந்து உடம்பின் கோலம் தெரிய வேண்டும். “தலை முக்கோணமாக இருந்தால் விஷம்” என்ற கணக்கை நம்பாதீர்கள். நாகத்துக்கும் கட்டுவிரியனுக்கும் தலை அப்படியில்லை. விஷமில்லாத வெங்கணாந்திக்கு அப்படித்தான் இருக்கும்.

புடையன், அதாவது கண்ணாடி விரியன், தடித்துக் குறுகிய உடம்பு. முதுகில் மூன்று வரிசையாக நீள்வட்டப் புள்ளிகள். ஒவ்வொன்றும் கபில நிறம், ஓரத்தில் கறுப்பும் வெள்ளையும். சினந்தால் குக்கர் சத்தம் போலச் சீறும். வெங்கணாந்திக் குட்டியை இதனோடு குழப்புவார்கள். குட்டியின் திட்டுகள் ஒழுங்கில்லாமல் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும், தோல் பளபளக்கும்.

கட்டுவிரியன்தான் மிகவும் ஏமாற்றுவது. கறுத்த மினுங்கும் உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள், பலவேளை இரண்டிரண்டாக. தலைக்குப் பின்னால் கொஞ்ச தூரம் வளையம் இருக்காது அல்லது மங்கலாக இருக்கும். வால் பக்கம் தெளிவாகும். விஷமில்லாத ஓநாய்ப் பாம்பில் இது மறுபுறம்: பட்டை கழுத்திலேயே தொடங்கி வாலை நோக்கி மங்கும். இந்த வித்தியாசத்தை டோர்ச் வெளிச்சத்தில் நம்பி முடிவெடுக்க வேண்டாம். வளையம் போட்ட எந்தப் பாம்பையும் கட்டுவிரியன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நாகம் படம் எடுத்தால் சந்தேகமில்லை. ஓடும்போது படம் விரியாது, அப்போது சாரை மாதிரித்தான் தெரியும். சாரைக்குக் கண் பெரிது, உதட்டுச் செதில்களின் இடையே கறுப்புக் கோடு இருக்கும். கரையோர மணல் நிலங்களில் சுருட்டை விரியன் இருக்கலாம்: சின்னது, செதிலோடு செதில் உரசி அரம் போடுவது போல் சத்தமிடும். மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறு விரியன் ஈரச் சருகுக்குள்ளும் பொச்சுக் குவியலுக்குள்ளும் சுருண்டு கிடக்கும். கரைவலையில் துடுப்பு மாதிரி தட்டை வாலோடு வருவது கடற்பாம்பு. அதுவும் விஷம்தான், கையால் எடுத்து எறியாதீர்கள்.

படி 4: கடித்துவிட்டால்

பாம்பைத் தேடிப் போகாதீர்கள், கொன்று கொண்டுவரவும் தேவையில்லை. வெட்டிய தலையும் கடிக்கும். வைத்தியர் குறிகளைப் பார்த்தே மருந்து தீர்மானிப்பார். படம் இருந்தால் உதவி.

1. ஆளை இருத்துங்கள் அல்லது படுக்க வையுங்கள். நடக்க, ஓட விட வேண்டாம். தசை அசைய அசைய விஷம் வேகமாகப் பரவும்.
2. மோதிரம், காப்பு, கொலுசு, அரைஞாண் கயிறு எல்லாம் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது.
3. கடிபட்ட கை காலை ஒரு பலகைத் துண்டோடு தளர்வாகத் துணியால் கட்டி அசையாமல் வையுங்கள்.
4. 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வர நேரமாகும் என்றால் ஆட்டோவிலோ, மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவில் இருத்தியோ கொண்டுபோங்கள்.
5. கடித்த நேரத்தையும், வீக்கம், வாந்தி, இமை தொங்குதல், பல்லீறில் இரத்தம் எப்போது தொடங்கியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இறுக்கிக் கயிறு கட்டுவது, பிளேட்டால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். இறுக்கிய கட்டால் கால் அழுகிய ஆட்கள் உண்டு; கீறிய இடத்தில், புடையன் விஷம் இரத்தத்தை உறையவிடாததால், ஒழுக்கு நிற்காது. வலிக்கு அஸ்பிரினோ டைக்ளோபெனாக்கோ கொடுக்காதீர்கள், பனடோல் போதும். விஷகடி வைத்தியரிடம் போய் வந்து பிறகு ஆஸ்பத்திரி என்று தாமதிக்கும் நேரம்தான் உயிரைக் கேட்கிறது. விஷமுறிவு ஊசி ஆஸ்பத்திரியில் மட்டுமே உண்டு.

வீக்கமில்லை என்று திரும்பி வரவும் கூடாது. கட்டுவிரியன் கடி வலிக்காது, பல் பட்ட இடமும் தெரியாது. நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழும்பி, இமை தொங்கத் தொடங்கினால், பாம்பைக் காணாவிட்டாலும் உடனே கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரியில் சுத்தமான கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் புடையன் போன்ற பாம்பின் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். முதல் தடவை உறைந்தாலும் பிறகு மாறலாம், அதனால்தான் ஒரு நாளாவது நிறுத்தி வைத்துப் பார்க்கிறார்கள். ஆஸ்துமா இருந்தாலோ முன்பு இந்த ஊசி போட்டிருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஊசிக்கு ஒவ்வாமை வரலாம்.

படி 5: வீட்டைச் சுற்றி

வாடியில் காவலுக்குப் படுப்பவர்கள் பரணிலோ கட்டிலிலோ படுத்து, நுளம்பு வலையின் ஓரத்தைப் பாய்க்குக் கீழே நான்கு பக்கமும் செருகுங்கள். கட்டுவிரியனுக்கு எதிராக இதைவிட மலிவான பாதுகாப்பு இல்லை. இரவில் கக்கூசுக்குப் போனாலும் டோர்ச்சும் செருப்பும். வயலில் அறுக்கும்போது முழங்கால் வரை பூட்ஸ். விறகு, கிடுகு, ஓட்டுக் குவியலைச் சுவரிலிருந்து தள்ளி அடுக்கி, தடியால் தட்டிய பிறகே கை வையுங்கள். வெள்ளைப்பூண்டு, உப்பு, பினாயில் தெளித்துப் பாம்பு வராது என்று இருந்துவிடாதீர்கள். கதவுக்குக் கீழே ஒரு ரப்பர் பட்டியும், நெல்மூட்டைக்கு எலி ஏறாத உயர்ந்த பலகையும் போடுங்கள், செலவும் குறைவு.