கடை கேக்குக்கு மார்க் போடுறது எப்படி

கேக்க வாங்கி ஒரு வாய் வெச்ச உடனேயே பத்துக்கு பத்துன்னு மார்க் போட்டு போட்டோவோட ஏத்திடுறவங்க நம்மள்ல நெறைய பேரு இருக்காங்க, தப்பு சொல்லல, ஆனா முதல் வாய்ல நாக்குக்கு தெரியறது சீனியும் கொழுப்பும்தான், அது ரெண்டும் சேந்தா பெட்ரோல் ஸ்டேஷன்ல விக்கிற கேக்கும் நல்லாத்தான் இருக்கும். கேக்கோட உண்மையான குணம் மூணாவது நாலாவது வாய்லதான் வெளிய வரும், எசென்ஸ் வாடை, சோடா கசப்பு, மேலண்ணத்துல ஒட்டுற கிரீமு எல்லாம் அப்பதான் தெரியும். அதனால மார்க் போடுறத முடிஞ்ச அளவுக்கு தள்ளிப் போடுங்க, கீழ நான் சொல்றது எல்லாமே அதுக்கான வழிதான்.

முதல்ல வாங்குறது. ஒரே ரகமா வாங்குங்க. பாக்கெட்டுல வர்ற அப்போலோ லேயர் கேக்கையும் புக்கிட் பிந்தாங் பெரிய ஹோட்டல் கேக்கையும் பக்கத்து பக்கத்துல வெச்சு எது நல்லாருக்குன்னு கேட்டா அதுக்கு பதிலே கெடையாது, அப்போலோ ஸ்கூல் கேண்டீன்ல சில்லறைக்கு கெடைக்கணும், பையில கெடந்து நசுங்கினாலும் சாஃப்டா இருக்கணும்னு செஞ்சது, அந்த வேலைய அது ஒழுங்காவே செய்யுது (பாண்டான் இல வாசனை வர்ற லேயர் கேக்குக்கு நான் எப்பவும் நல்ல மார்க்தான் குடுப்பேன், சண்டைக்கு வராதீங்க). பட்டர் கேக்குன்னா மூணு கடை பட்டர் கேக்கு, சீஸ் கேக்குன்னா மூணு கடை சீஸ் கேக்கு, அவ்ளோதான். வெலைய மட்டும் பாக்காம கிச்சன் தராசுல வெச்சு எடையும் எழுதிக்கோங்க. 12 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்குன ஸ்லைஸ் 120 கிராம் இருந்தா 100 கிராம் 10 வெள்ளி ஆகுது, 28 வெள்ளிக்கு வாங்குன முழு கேக்கு 500 கிராம் இருந்தா 100 கிராம் 5 வெள்ளி 60 காசுதான். சின்ன ஸ்லைஸ்தானேன்னு வாங்குறது பல நேரம் அதிகமா பர்ஸ கடிக்கும்.

எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்குங்க, முடிஞ்சா காலையிலயே. கேஎல் (கோலாலம்பூர்) வெயில்ல காடி (கார்) டிக்கிக்குள்ள கிரீம் கேக்க வெச்சுட்டு பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருந்து ரவாங் வரைக்கும் டிராஃபிக் ஜாம்ல போனீங்கன்னா அப்புறம் நீங்க மார்க் போடுறது கடைக்கு இல்ல, ஜாமுக்கு. ஐஸ் பேக் போட்ட பை ஒண்ணு எப்பவும் காடியில இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் எல்லா கேக்கையும் ஃபிரிஜ்ல தள்ளிடாதீங்க, இங்கதான் பல பேரு நல்ல கேக்க கெடுக்கிறாங்க. பட்டர் குளுர்ல இறுகிடும், அதனால ஃபிரிஜ்ல இருந்து எடுத்த உடனே சாப்புட்டா நல்ல பட்டர் கேக்கும் காஞ்ச மாதிரி கட்டியா தெரியும், வாசனையும் வராது, இனிப்பும் கொறைவா தெரியும். ஃபிரிஜ்ல வெச்சிருந்தா எடுத்து அரை மணி நேரமாச்சும் வெளிய வைங்க. ஷிஃபான் கேக்கு எண்ணெய்ல செய்றது, அது அவ்ளோ இறுகாது. கிரீம் இல்லாத சாதா கேக்குன்னா அன்னிக்கே சாப்புடுறதா இருந்தா ஃபிரிஜ் பக்கமே கொண்டு போக வேணாம், மாவுல இருக்கிற ஸ்டார்ச் வெளிய விட ஃபிரிஜ் குளுர்லதான் சீக்கிரமா வெறச்சுப் போகும், ரொட்டிக்கும் அதே கதைதான்.

அடுத்து யார் கூட சாப்புடுறீங்கன்றது. நம்ம வீட்ல பெரியவங்க யாராச்சும் 'சீனி ஜாஸ்தியா இருக்கு'ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா போதும், அதுக்கப்புறம் எல்லாருக்கும் சீனி ஜாஸ்திதான். அதனால எழுதி முடிக்கிற வரைக்கும் யாரும் வாய தொறக்கக் கூடாதுன்னு முதல்லயே சொல்லிடுங்க, அத்தையா இருந்தாலும் சரி. டப்பாவ மறச்சு, ஒருத்தர் மட்டும் அடுப்படியில வெட்டி நம்பர் போட்ட தட்டுல குடுக்கட்டும். 1, 2, 3 போடாதீங்க, 1ன்னு பாத்தாலே மனசு அது பக்கம் சாயும், ருசி சோதன பண்ற லேப்ல 417, 582ன்னு சம்பந்தமில்லாத மூணு இலக்க நம்பர்தான் போடுவாங்க. ரெண்டு கேக்குக்கு நடுவுல நெசமாவே வித்தியாசம் இருக்கான்னு சந்தேகமா இருந்தா அவங்க இன்னொண்ணு பண்ணுவாங்க, மூணு தட்டு, ரெண்டுல ஒரே கேக்கு, ஒண்ணுல வேற, எது வேறன்னு கண்டுபுடிக்கணும். குருட்டாம்போக்குல சொன்னாலே மூணுல ஒருத்தருக்கு சரியா வந்துடும், அதனால ஒரு தடவ ஜெயிச்சத வெச்சு பெருமை அடிச்சுக்க முடியாது, திரும்பத் திரும்ப பண்ணணும். பிராண்டு சண்ட போடுற மச்சான்மாருக்கு இத வெச்சுப் பாருங்க, செம்ம தமாஷா இருக்கும்.

சம்பல் சாப்புட்ட வாயோட உக்காராதீங்க, தே தாரிக் (பால் டீ) குடிச்சுட்டும் வேணாம். நடுவுல பச்சத் தண்ணி, இல்லன்னா வெதுவெதுப்பா தே ஓ கோசோங் (பாலும் சீனியும் போடாத டீ), கூட ஒரு துண்டு கிரீம் கிரேக்கர் பிஸ்கட்டு, இது போதும். ஒரு உக்காருல நாலஞ்சு ரகத்துக்கு மேல போகாதீங்க, இனிப்பு சாப்புட சாப்புட நாக்கு பழகிப் போய் கடைசில வர்ற கேக்கு பாவம் சப்புன்னு தெரியும், அதனால ஆளுக்கு ஆளு வரிசைய மாத்திக் குடுக்கிறதும் நல்லது. ரகம் கலந்து சாப்புட்டே ஆகணும்னா சாதா கேக்குல ஆரம்பிச்சு, பழம், சாக்லேட்டுன்னு போயி, பாகுல ஊறுன இனிப்ப கடைசில வைங்க, குலாப் ஜாமுனுக்கு அப்புறம் எந்த ஸ்பாஞ்சும் நிக்காது.

இப்ப வெட்டுங்க. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்ன்றது கேக்குக்கு செல்லாது, ஓரம் ஒரு ருசி, நடு ஒரு ருசி, அடி ஒரு ருசி. வெட்டுன பக்கத்த வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க. சின்ன சின்ன ஓட்டை சமமா இருந்தா நல்லா அடிச்ச மாவு. நீளமா குகை மாதிரி ஓட்டை போயிருந்தா மாவு போட்டப்புறம் ரொம்ப கலக்கியிருக்காங்க. அடியில ஈரமா கட்டியா ஒரு கோடு தெரிஞ்சா உள்ள சரியா வேகல, இல்ல உப்பி வந்து அமுங்கிடுச்சு. வெரலால லேசா அழுத்துங்க, ஸ்பாஞ்ச் திரும்பி எழுந்து வரணும், பள்ளமாவே நின்னா ஈரம் ஜாஸ்தி, உதிர்ந்து போனா பழசு. பட்டர் கேக்குக்கு இத அவ்ளோ எதிர்பாக்காதீங்க, அது கனமான ஜாதி.

அப்புறம் மோந்து பாருங்க, வெட்டுன எடத்துல, மேல இல்ல. பட்டர் கேக்குல பட்டர் வாசனை வரணும், அதுதான் முழு விஷயமே. நெறைய கடையில பாதி பட்டர் பாதி மார்ஜரின், கேட்டா சொல்ல மாட்டாங்க, ஆனா மூக்கு சொல்லும், மார்ஜரின் கேக்கு வாசனை சட்டுன்னு தூக்கலா வந்து சட்டுன்னு போயிடும், பட்டர் வாசனை மெதுவா வந்து முழுங்குனப்புறமும் கொஞ்ச நேரம் நிக்கும். பாக்கெட்டுல வர்ற கேக்குன்னா சுலபம், லேபிள படிங்க, மலேசியாவோட 1985ஆம் வருஷத்து உணவு விதிமுறைப்படி எது எடை ஜாஸ்தியோ அதத்தான் முதல்ல எழுதணும். மெந்தேகா (மலாய்ல பட்டர்) எங்க இருக்கு, மார்ஜரின் எங்க இருக்கு, சீனி மாவுக்கு முன்னாடியா பின்னாடியான்னு பாருங்க. முன்னாடி பெருசா 'பட்டர்'னு போட்டுட்டு பின்னாடி மெந்தேகா கடைசி வரியில ஒளிஞ்சுட்டு இருந்தா அங்கயே மார்க்க கொறச்சுடலாம்.

வாய்ல வைக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. ஓரத்த மட்டும் ஒரு வாய், நடுவ மட்டும் ஒரு வாய், கிரீம மட்டும் ஸ்பூன்ல ஒரு வாய், அப்புறந்தான் எல்லாம் சேத்து. கிரீம தனியா சாப்புடாம மார்க் போடவே கூடாது. பால் கிரீம் வாய் சூட்டுல உருகி தானா காணாம போயிடும். பாம் கர்னல் (செம்பனை கொட்டை) எண்ணெய்ல செஞ்ச கிரீம் வெயில்ல நிக்கும், அழகா பூ போடலாம், நம்ம ஊர் சூட்டுக்கு கடைக்காரருக்கு அது வசதிதான், ஆனா முழுங்குனப்புறம் நாக்குல ஒரு படலம் நிக்குதா பாருங்க, தண்ணி குடிச்சும் போகலன்னா அதுதான். சாக்லேட்டும் இப்படித்தான், கோகோ பட்டர் 34 டிகிரி கிட்ட உருகிடும், அதாவது வாய் சூட்டுக்கு கொஞ்சம் கீழ, அதனால நல்ல சாக்லேட் தானா கரையும், கோகோ பட்டருக்கு பதிலா வேற கொழுப்பு போட்ட காம்பவுண்ட் சாக்லேட் மெழுகா நிக்கும்.

அடுத்த வாய மூக்க புடிச்சுட்டு மெல்லுங்க. இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு மட்டும்தான் தெரியும். நாலஞ்சு தடவ மென்னுட்டு மூக்க விடுங்க, அப்ப மொத்தமா ஏறி வருதே அதுதான் அந்த கேக்கோட வாசனை. மூக்க விட்டும் ஒண்ணும் பெருசா மாறலன்னா அது வெறும் சீனியும் மாவும்தான். பாண்டான் கேக்குக்கு இது பிரமாதமா வேல செய்யும், இல பிழிஞ்சு செஞ்சதுன்னா பச்சையா புல்லு வாசம் கலந்து வரும், பேஸ்ட் ஊத்துனதுன்னா வெறும் வெனிலா வாடைதான் வரும், கலரு மட்டும் பளீர்னு இருக்கும். முழுங்கிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருங்க. சோப்பு மாதிரி கசந்தா சோடா ஜாஸ்தி, தொண்ட காறுச்சுன்னா சீனி ஜாஸ்தி, கொட்டைய கடிச்சப்புறம் சிக்கு வாடை வந்தா அந்த பாதாமோ வால்நட்டோ பழசு.

குவேன்ற மலாய் பலகாரம் பக்கம் வந்தா சட்டம் வேற. அன்னிக்கு செஞ்சது அன்னிக்கே, ஃபிரிஜ்ல வெச்சா புலுட் (பசையரிசி) மாவு இறுகிடும். ஒண்டே ஒண்டேன்ற உருண்டைய முழுசா வாய்ல போடுங்க, பாதியா கடிச்சா சட்ட போச்சு. உள்ள இருக்கிற குலா மெலாக்கா (தென்னங் கருப்பட்டி) வெடிச்சு தண்ணியா ஓடணும், கட்டியா கடிபட்டா சரியா வேகல. நல்ல குலா மெலாக்காவுல லேசா பொக வாசனையும் கொஞ்சம் உப்பும் இருக்கும், வெறும் இனிப்பு மட்டும் தெரிஞ்சா சாதா சீனி கலந்தது. மேல ஒட்டுற தேங்காப்பூவ தனியா கொஞ்சம் எடுத்து சாப்புட்டு பாருங்க, அதுதான் முதல்ல கெட்டுப் போகும், தெரிஞ்சவங்க உப்பு போட்டு ஆவி காட்டித்தான் உருட்டுவாங்க. லேசா புளிச்சா அங்கயே நிறுத்திடுங்க, மார்க்கு அப்புறம், வயிறு முக்கியம். பாசார் மாலத்துல (ராத்திரி சந்தை) ராத்திரி எட்டு மணிக்கு வாங்குன குவேவ அடுத்த நாள் காலையில பசியாற வெச்சுட்டு கடைக்கு கம்மி மார்க் போடுறது அநியாயம் லா.

நம்ம பலகாரத்துக்கு நெய்தான் எல்லாம். பிரிக்ஃபீல்ட்ஸ்லயோ மஸ்ஜித் இந்தியாவுலயோ, பினாங்குன்னா லெபோ பாசார் பக்கமோ, லட்டோ மைசூர் பாகோ வாங்குனா ஒரு துணுக்க உள்ளங்கையில வெச்சு தேய்ங்க. பால் நெய்யா இருந்தா கை சூட்டுலயே உருகி வாசனை வரும், வெஜிடபிள் நெய் மெழுகா இழுக்கும். மிஞ்யாக் சாப்பின்னு (மலாய்ல நெய்) எழுதுன டின்னு எல்லாம் பால் நெய் கெடையாது, நெறைய டின்னு பாம் எண்ணெய்தான். மைசூர் பாகுல ரெண்டு ரகம் இருக்கு, ஓட்டை ஓட்டையா மொறுமொறுன்னு ஒண்ணு, வாய்ல போட்டதும் கரையுற சாஃப்ட் ரகம் ஒண்ணு, ஒண்ண எதிர்பாத்து இன்னொண்ணுக்கு மார்க் கொறைக்காதீங்க. ஜாங்கிரி உளுந்துல செய்றது, ஜிலேபி மைதாவுல செய்றது, ரெண்டையும் ஒரே வரிசையில வைக்க வேணாம். தீவாளிக்கு செவப்பு மூடி போட்ட டப்பாவுல வர்ற நெய் உருண்டைய வாய்ல போட்டா தானா உதிரணும், பாசிப்பயறு வறுத்த வாசம் நெய்யோட சேந்து வரணும், பச்ச மாவு வாடை வந்தா நான் பாதி மார்க்க அங்கயே வெட்டிடுவேன்.

நம்மவங்களுக்கு இன்னொரு விஷயம், சைவமோ மாட்டுக்கறி சாப்புடாதவங்களோ கூட இருந்தா வெட்டுறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க. மூஸ், ஃபிரிஜ்ல செட் பண்ற சீஸ் கேக்கு, மார்ஷ்மெல்லோ இதுல எல்லாம் பெரும்பாலும் ஜெலட்டின் (மிருகத்தோட எலும்பு, தோல்ல இருந்து எடுக்கிறது) இருக்கும், ஹலால் முத்திரை இருக்கேன்னு விட்டுடாதீங்க, ஹலால் ஜெலட்டின் நெறைய மாட்டுல இருந்து வர்றதுதான். பினாங்குல இருந்து வர்ற தவ் சார் பியா, உள்ள பாசிப்பயறும் வதக்குன சின்ன வெங்காயமும் வெச்சது, அதுல சில கடை பன்னிக் கொழுப்பு போடுவாங்க, சில கடை எண்ணெய்ல செய்வாங்க, டப்பாவ படிச்சுட்டு எடுங்க.

மார்க்கு நான் 20க்கு போடுவேன். வாசனையும் ருசியும் சேத்து 8, பதம் 6, இனிப்பு அளவு 3, காசுக்கு தகுமா 3. பாக்குறதுக்கு அழகா இருக்கிறதுக்கு ஒரு மார்க்கும் கெடையாது, பர்த்டே கேக்கு மேல யூனிகார்ன் இருந்தா பசங்க குடுக்கட்டும். இனிப்பு கொறைவா இருந்தாலே நல்ல கேக்குன்னு ஒரு பேச்சு இப்ப ஓடுது, நான் ஒத்துக்க மாட்டேன், ஜாங்கிரி இனிக்கத்தான் செய்யணும், அந்த ரகத்துக்கு எவ்ளோ வேணுமோ அந்த அளவுக்கு பக்கத்துல இருக்கான்னுதான் பாக்கணும். மார்க்குக்கு பக்கத்துல தனியா ஒரு வரி, என் காசுல மறுபடியும் வாங்குவேனா, யாராச்சும் குடுத்தா சாப்புடுவேனா, குடுத்தாலும் வேணாமா. பல தடவ மார்க்க விட இந்த வரிதான் உருப்படியா இருக்கும்.

குறிப்புல 'சூப்பர்', 'ஓகே லா'ன்னு எழுதாதீங்க, ரெண்டு வாரம் கழிச்சு படிச்சா ஒண்ணும் புரியாது. 'ஓரம் காஞ்சிருக்கு, நடு நல்லாருக்கு, கிரீம் மேலண்ணத்துல ஒட்டுது'ன்னு எழுதுங்க. தேதி, வெல, எந்த கிளைன்னும் போடுங்க, ஒரே பேர்ல இருக்கிற கடைன்னாலும் கிளைக்கு கிளை மாறும். மிச்சத்துல ஒரு துண்ட மூடி வெச்சு மறுநாளும் சாப்புட்டுப் பாருங்க, பட்டர் கேக்கும் பழ கேக்கும் மறுநாள் இன்னும் நல்லாருக்கும், ஸ்பாஞ்ச் கொஞ்சம் எறங்கும், பேப்பராட்டம் ஆயிட்டா அதையும் எழுதுங்க. 20க்கு 8க்கு கீழ போனா மட்டும் உடனே யார்கிட்டயும் சொல்லாதீங்க, வேற ஒரு நாள், முடிஞ்சா கூட்டம் இல்லாத நாளா பாத்து, அதே கேக்க இன்னொரு தடவ வாங்கி சாப்புட்டுட்டு அப்புறம் அந்த நம்பர வெளிய விடுங்க.