ஆஸ்பத்திரி நாளும் வீட்டு நாளும்: கஷ்ட காலத்தில் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே படிப்பிப்பது எப்படி?

போன மாரியில் எங்கள் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு 3 நாள் ஆஸ்பத்திரியில் டயலிசிஸ் (மெஷினால் இரத்தத்தைச் சுத்தம் செய்வது) என்றாகிவிட்டது. மூதூர் வீட்டைப் பூட்டிவிட்டு, திருகோணமலை டவுனுக்குப் பக்கத்தில் உப்புவெளியில் உள்ள அம்மா வீட்டுக்கு வந்தோம். தரம் 3 மகனும் தரம் 6 மகளும் 10 கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை. நான் ஆசிரியை இல்லை, வீட்டில் தையல் தைப்பவள். தட்டுத் தடுமாறி எனக்குப் பிடிபட்டதை, நாளைக்கே தொடங்க வேண்டியவர்களுக்காக எழுதுகிறேன்.

1. முதலில் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லுங்கள்

இலங்கையில் 5 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம். அதனால் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தக் கூடாது. அதிபருக்கு ஒரு கடிதமும் மருத்துவச் சான்றிதழின் பிரதியும் கொடுங்கள். இடாப்பில் பெயர் அப்படியே இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

பிறகு வகுப்பாசிரியரிடம் இதைக் கேளுங்கள்: "எதைத் தவறவிட்டால் பிள்ளை திரும்பி வரும்போது அந்தரப்படும்?" மகனின் டீச்சர் இரண்டே விடயம்தான் சொன்னார். கடன் வாங்கிக் கழித்தல், வாய்ப்பாடு. மிச்சத்தை வந்த பிறகு பார்க்கலாம் என்றார். எனக்குப் பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிட்டது.

2. புத்தகம்

அவசரத்தில் புத்தகப் பை மூதூரிலேயே விடுபட்டுவிட்டது. பரவாயில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அரச பாடநூல்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழில் பாடங்கள் உண்டு. முழுப் புத்தகத்தையும் போனில் படிக்க வைக்காதீர்கள். அந்தக் கிழமைக்கு வேண்டிய நாலு பக்கத்தை மட்டும் கொமியூனிகேஷன் கடையில் பிரிண்ட் எடுங்கள்.

3. இரண்டு நேரசூசி போடுங்கள்

நான் விட்ட பெரிய பிழை இதில்தான். காலை 7.30 முதல் 1.30 வரை, பள்ளிக்கூடம் மாதிரியே கலர் பேனையால் நேரசூசி எழுதிச் சுவரில் ஒட்டினேன். மூன்றாம் நாள் அதைக் கிழித்தவளும் நான்தான்.

அப்புறம் நாட்களை இரண்டாகப் பிரித்தேன். ஆஸ்பத்திரி நாளில் 20 நிமிடம்தான்: காலைத் தேத்தண்ணி குடித்த கையோடு ஒரு பக்கம் உரத்து வாசிப்பு, ஐந்து கணக்கு. பொறுப்பு அம்மம்மாவுக்கு. அவருக்குக் கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்துத் தெரியாது. "உரத்து வாசி, எனக்குக் காது கேக்காது" என்பார். காது நன்றாகவே கேட்கும்!

வீட்டு நாளில் ஒன்றரை மணித்தியாலம். மூளை களைக்க முன்பு கணக்கு, பிறகு தமிழ், கடைசியில் எது முடிகிறதோ அது. ஒரு நாள் விடுபட்டால் விடுபட்டதுதான். அதை அடுத்த நாளின் தலையில் ஏற்றாதீர்கள்.

மகள் தானாகப் படிப்பாள், நான் இரவில் கொப்பி பார்த்தால் போதும். தரம் 10, 11 பிள்ளைகளுக்கு இந்த முறை காணாது. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஒருவரைப் பிடிக்கத்தான் வேண்டும்.

4. வீட்டில் நடப்பதிலிருந்து பாடம் எடுங்கள்

டயலிசிஸ் செய்பவர்கள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். அளவு ஆளுக்கு ஆள் மாறும். இவருக்கு டொக்டர் சொன்னது ஒரு நாளைக்கு 800 மில்லிலீட்டர். மகன் ஒரு கொப்பியில் கோடு போட்டான். காலைத் தேத்தண்ணி 150, மிச்சம் 650. மருந்து விழுங்க 75, மிச்சம் 575. இதைவிட நல்ல கடன் வாங்கிக் கழித்தல் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

ஆனால் இரண்டாம் கிழமை ஒரு சிக்கல். இவர் இரவில் கொஞ்சம் ரசம் குடித்ததைப் பார்த்துவிட்டான். "அப்பா கணக்கைப் பிழைக்க வைச்சிட்டார்" என்று கொப்பியைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதான். அப்பாவைக் காப்பாற்றுவது தன் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அன்றிரவு அவனை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவின் வருத்தம் என்ன, மெஷின் என்ன செய்கிறது, எனக்கு எது பயம் என்று எல்லாம் சொன்னேன். அளப்பது எனக்கு, கழிப்பது மட்டும் அவனுக்கு என்று பிரித்தோம். நீங்கள் இதை முதல் நாளே செய்யுங்கள்.

சுற்றாடல் பாடத்துக்கு மழை இருந்தது. பக்கம் நேராக உள்ள ஜாம் போத்தலை முற்றத்தில் வைத்து, காலையில் அடிமட்டத்தால் அளப்பான். வாய் ஒடுங்கிய போத்தல் சரிவராது. மழை விட்ட பின்னேரங்களில் திருகோணமலைக் கோட்டைப் பக்கம் புள்ளிமான் எண்ணப் போனோம். கொம்புள்ளது எத்தனை, இல்லாதது எத்தனை என்று இரண்டு நிரல்.

5. திரும்பிப் போகும்போது

புதுத் தவணை தொடங்க, இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதைத் தம்பி பொறுப்பெடுத்தான். நான் பிள்ளைகளோடு மூதூருக்கு வந்தேன். வீட்டில் செய்த கொப்பிகளை அடித்துத் திருத்தி அழகாக்காமல் அப்படியே கொடுத்துவிடுங்கள். பிள்ளை எங்கே நிற்கிறது என்று ஆசிரியருக்கு அதில்தான் தெரியும்.

மகனின் டீச்சர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இதென்ன, ஒவ்வொரு நாளும் முதல் கணக்கில 150?"

"அது அப்பாட தேத்தண்ணி, டீச்சர்."