இடைக்கால ஜீவனாம்சம்: எங்கே சறுக்குகிறார்கள்?

விவாகரத்து வழக்கு முடிய வருஷக்கணக்கில் இழுக்கலாம். வீட்டு வாடகை அதுவரை பொறுக்காது. அதற்காகத்தான் இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆவது பிரிவில் இடைக்கால ஜீவனாம்சம் இருக்கிறது. சொந்த வருமானம் போதாத கணவரும் இதைக் கேட்கலாம்.

"சமாதானமாகிவிடும், பார்ப்போம்" என்று மனுவைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய நஷ்டம். மனு தாக்கலான தேதியிலிருந்து ஜீவனாம்சம் வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. அதற்கு முன்னால் பட்ட பாட்டுக்குப் பணம் வராது. பேச்சுவார்த்தை ஒரு பக்கம் நடக்கட்டும், மனுவும் போய்ச் சேரட்டும். அதிலேயே வழக்குச் செலவையும் கேளுங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரம். இரு தரப்பும் கொடுத்தாக வேண்டும். "மாதச் செலவு 40,000 ரூபாய்" என்று ஒரே வரியில் எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். பிரித்து எழுதுங்கள்: வாடகை 12,000, கூடவே வாடகை ஒப்பந்தம், பள்ளி வேன் 1,800, கூடவே ரசீது, மாத்திரைக்கு மருந்துக்கடை பில். இப்படி ஒவ்வொரு வரிக்கும் ஒரு தாள் இருந்தால் குறுக்குக் கேள்விக்குப் பயப்பட வேண்டாம்.

வருமானத்தை மறைக்கவே மறைக்காதீர்கள். வேலைக்குப் போகிறார் என்பதற்காக மட்டும் ஜீவனாம்சத்தை மறுப்பதில்லை. ஆனால் இல்லை என்று சொன்ன சம்பளம் வங்கிக் கணக்கில் மாதாமாதம் ஏறியிருந்தால், அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது. குடும்ப வன்முறைச் சட்டத்தில் ஏற்கெனவே ஒரு தொகை கிடைக்கிறதா? அதையும் சொல்லிவிடுங்கள். நீதிமன்றம் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

சரி, பணம் கொடுக்க வேண்டியவருக்கு? கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். மனைவியின் தம்பியிடம் கொடுத்தனுப்பிய 10,000 ரூபாய்க்கு நீதிமன்றத்தில் என்ன சாட்சி காட்டுவீர்கள்? வங்கிக் கணக்கிலேயே போடுங்கள்.

உத்தரவு கையில் வந்ததும் அசந்துவிடுபவர்களும் உண்டு. எல்லா மதத்தினருக்கும் பொதுவான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆவது பிரிவில் (பழைய சட்டத்தில் 125) வாங்கிய உத்தரவு என்றால், தொகை பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் வசூல் மனு போட வேண்டும். தாண்டினால் அந்தப் பாக்கிக்கு வாரண்ட் கிடைக்காது. இரண்டு மாதம் வராவிட்டாலே வக்கீலைப் போய்ப் பாருங்கள்.